சைக்கிள் கம்பியில் கோத்த சூயா

கார் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டபோது என் இரண்டு கைகளிலும் இறைச்சி கோத்த சைக்கிள் கம்பிகள் இருந்தன. முழங்கை வரை கச்சான் கடலைத் தூளும் மிளகாய்த் தூளும். கண் முழுக்கப் புகை.

வாய்க்காலுக்கு அப்பால், வயல் வரம்பை ஒட்டிய மேட்டில், வீரை விறகுத் தணல் கனன்றுகொண்டிருந்தது. தணலைச் சுற்றி மண்ணில் சரிவாகக் குத்தி நிறுத்திய கம்பிகள். அவற்றில் மெல்லிய இறைச்சித் துண்டுகள் ஓரம் சுருண்டு சிவந்துகொண்டிருந்தன. கொழுப்பு ஒரு சொட்டு விழும்போதெல்லாம் தணல் சீறி அடங்கும்.

எங்கள் ஒழுங்கைக்கு உழவு மெசின் வரும், மாட்டு வண்டில் வரும். கார் வந்தால் ஒன்றில் கலியாண விஷயம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி.

"இஞ்சேர், ஆரோ வருகினம் போல கிடக்கு," என்றார் என் கணவர் பாலன், தணலை விசிறுவதை நிறுத்திவிட்டு.

அதற்குள் வீட்டுப் பக்கமிருந்து யோகம் ஓடி வந்துவிட்டாள். யோகம் என் கணவரின் தங்கை. எனக்கு மச்சாள்.

"அண்ணி! பளை ஆக்கள்! நாளைக்கு ஹர்த்தாலாம். அதால இண்டைக்கே வந்திட்டினம்!"

யோகத்தைப் பெண் பார்க்க வரவிருந்தவர்கள் அவர்கள். சைவ சமய வேளாளக் குடும்பம், மாப்பிள்ளை உப்பளத்தில் வேலை, சாதகம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. பல வருடங்களாகப் பொருந்தாமல் போன பிறகு பொருந்திய சாதகம்.

அது கச்சான் காற்று வீசும் மாதம். மேற்கேயிருந்து அடிக்கும் அந்தக் காற்று எங்கள் மேட்டைக் கடந்து நேரே வீட்டுக்குத்தான் போகும். தணலில் இருந்ததோ மாட்டிறைச்சி.

ஹவ்வாவின் முற்றம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. நானும் பாலனும் ஆசிரியர்களாக நைஜீரியாவுக்குப் போன கதையை இந்தத் தொடரில் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அங்கே என்ன சாப்பிட்டோம் என்பதைச் சொல்லவில்லை.

கானோ நகரத்துக்கு அப்பால் ஒரு சிறிய ஊர். செம்மண் தூசி. பொழுது சாயும் நேரம் பஸ் நிற்கும் சந்தியில் ஆண்கள் தணல் போட்டு, கம்பில் கோத்த மாட்டிறைச்சியைச் சுடுவார்கள். அதுதான் சூயா. பத்திரிகைத் தாளில் வைத்து, மேலே காரத் தூள் தூவி, பச்சை வெங்காயமும் தக்காளியும் அரிந்து போட்டுச் சுருட்டித் தருவார்கள். ஊர் முழுக்க மணக்கும்.

அடுத்த வீட்டில் ஹவ்வா இருந்தாள். பள்ளிக்கூட எழுத்தரின் மனைவி. எங்கள் இருவருக்கும் இடையில் உடைந்த ஆங்கிலமும் கையும் கண்ணும்தான் மொழி. நாங்கள் போய் இறங்கிய கிழமையே ஒரு தட்டில் சூயா கொண்டு வந்தாள். நான் ஆடு என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

ஹவ்வா தட்டைப் பின்னுக்கு இழுத்தாள். "இது பசு," என்றாள். "உங்கள் ஆட்கள் சாப்பிட மாட்டார்கள் என்று சொன்னார்கள். தெரிந்துகொண்டு எடு. வேண்டாமென்றால் கோழி கொண்டு வருகிறேன்."

எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிடமே பிடித்துப் போயிற்று. கோழியே கொண்டு வரச் சொன்னேன்.

பிறகொரு நாள், "உங்கள் ஊரில் மாட்டை என்னதான் செய்வீர்கள்?" என்று கேட்டாள்.

"தைப்பொங்கலுக்கு மறுநாள் கும்பிடுவோம். மற்ற நாட்களில் ஏரில் பூட்டி அடிப்போம்," என்றேன்.

ஹவ்வா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வருடக் கடைசியில் நானாகவே ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தெரிந்துதான் எடுத்தேன். பாலன் எனக்கு முன்னமே தொடங்கிவிட்டிருந்தார். யாழ்ப்பாணப் பட்டணத்தில் படித்த ஆண்களில் மாட்டிறைச்சி ரொட்டி சாப்பிடாதவர் எத்தனை பேர்? கடையில் சாப்பிடலாம், வீட்டில் பேசக்கூடாது. அவ்வளவுதான்.

சந்தியில் சுடுகிறவர்கள் தூளின் இரகசியத்தைச் சொல்ல மாட்டார்கள். ஹவ்வா தன் முற்றத்தில் உரலைப் போட்டு இடித்துக் காட்டினாள். நானும் கூடவே இடித்தேன்.

கதிரையில் ஒரு மனுஷன்

ஒப்பந்தம் முடிந்து நாங்கள் கொழும்புக்குத் திரும்பினோம். வீடு எடுத்தோம், தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்கினோம். அடுக்கி முடிக்குமுன் தமிழருக்கு எதிரான கலவரம். வீட்டோடு எல்லாம் எரிந்தது. அகதிகளாகக் கப்பலில் வடக்கே வந்திறங்கி, கடைசியில் கண்டாவளைப் பக்கம் என் மாமா, பாலனின் தகப்பன், காடு வெட்டிக் கழனியாக்கிய குடியேற்றக் காணிக்கு வந்து சேர்ந்தோம். மாமா அப்போது உயிரோடு இல்லை. பாலனின் தாயான மாமியும் யோகமும்தான்.

எனக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. பாலனுக்குக் கிடைக்கவில்லை. அவர் ஒரு கதிரையை வயல் பார்க்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் பதில் சொல்லுவார், தானாகக் கதைக்க மாட்டார். சோற்றில் இரண்டு வாய் எடுத்துவிட்டுக் கை கழுவிவிடுவார். மாமி மீன் குழம்பு வைத்துப் பார்த்தார், கோழி அடித்துப் பார்த்தார். நேர்த்திக்கடனும் வைத்தார்.

ஒரு மாலை, கேட்காமலே பாலன் சொன்னார்: "இப்ப அங்க சந்தியில சூயா மணக்கும், என்ன?"

அது போதும் எனக்கு. நேரே மாமியிடம் போனேன்.

"மாமி, அவருக்கு ஒருக்காச் சூயா செய்து குடுக்கப் போறன்."

"அதென்ன பிள்ளை?"

"இறைச்சி. தணலில வாட்டுறது."

"ஆடோ?"

"மாடு."

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நின்றது.

"மாடு கட்டி உழுற வீடு இது. கொட்டிலில நிக்கிற ரெண்டின்ர உழைப்பிலதான் உன்ர மாமா இந்தக் காணியைக் காணியாக்கினவர். அதைச் சுட்டுத் தின்னுறதோ?"

கோயில், குளம், பாவம் என்று சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன். நான் கொட்டில் பக்கம் பார்த்தேன். "ஆட்டில செய்து குடன்," என்றார் மாமி. ஆட்டில் செய்தேன். பாலன் ஒரு துண்டைச் சாப்பிட்டு, "நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு மிச்சத்தைத் தள்ளி வைத்தார். மாமி சமையலை விட்டுக் குசினி வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

மறுநாள் காலை மாமி என்னிடம் வந்தார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"குசினிக்க வேண்டாம். வளவுக்கையும் வேண்டாம். வாய்க்காலுக்கு அங்கால போய்ச் செய். சட்டி, கத்தி ஒண்டும் இஞ்சால வரப்படாது. தலை தோய்ஞ்சுபோட்டுத்தான் வீட்டுக்க ஏற வேணும்."

"ஓம் மாமி."

"செய்யிற அண்டைக்கு முன்கூட்டிச் சொல்லு. மாடுகளை மற்றப் பக்கம் கொண்டுபோய்க் கட்டுறன்."

உரலும் கம்பியும்

சூயாவுக்கு உயிர் அந்தத் தூள். கச்சானை மணல் சட்டியில் வறுத்து, தோல் போக ஊதி, உரலில் இடிக்க வேண்டும். இடிக்க இடிக்க எண்ணெய் கக்கிக் களியாகும். அதைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்து எண்ணெயை எடுத்துவிட்டு, சக்கையைச் சிறு உருண்டையாக்கிப் பொரித்து, ஆறவிட்டு மறுபடி இடிக்க வேண்டும். எண்ணெய் மிஞ்சினால் தூள் கருகிக் கசக்கும். முதல் தடவை எனக்குக் கசந்தது. இரண்டாம் தடவை பாலன் துணியின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினார்.

அதோடு செத்தல் மிளகாய், சுக்கு, மிளகு, உப்பு. ஹவ்வா ஒரு கறுப்புக் காட்டுக் காயும் போடுவாள். அது இங்கே இல்லை. நான் திப்பிலி போட்டேன். காரம் கொஞ்சம் ஊர்ப்பக்கம் சாய்ந்தது. சாயட்டும் என்று விட்டுவிட்டேன்.

இறைச்சியைக் கிளிநொச்சிச் சந்தையில் பாலனே வாங்கி வருவார், தேக்கிலையில் சுற்றி, சைக்கிளின் பின்னால் கட்டி. எலும்பும் சவ்வும் இல்லாத சதையாகப் பார்த்து, வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக விரித்து அரிய வேண்டும். துண்டு தடித்தால் வெளியே கருகும், உள்ளே வேகாது.

கோப்பதற்கு முதலில் ஈர்க்கில் எடுத்தேன். ஈர்க்கில் எரிந்து இறைச்சி தணலில் விழுந்தது. பிறகு சைக்கிள் திருத்துகிற கடையில் கழித்துப் போட்ட சில்லுக் கம்பிகளைக் கேட்டு வாங்கினேன். நெருப்பில் சுட்டு, சாம்பல் போட்டு மினுக்கி, கிணற்றடிக் கல்லில் கூர் தீட்டினேன். இதைவிட நல்ல சாமான் கானோவிலும் இல்லை.

முதல் நாள் அந்த மேட்டில் பாலன் சப்பாணி கட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். விரலைச் சூப்பினார். வாய்க்காலுக்கு அக்கரையில் மாமி வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"அவன் தின்னுறானோ?" என்று குரல் கேட்டது.

"தின்னுறார் மாமி."

"வயித்துக்குக் காணுமோ?"

"இன்னும் கேக்கிறார்."

மாமி திரும்பி நடந்தார். சேலைத் தலைப்பு முகத்துக்குப் போனது.

அடுத்த முறை யோகமும் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஒண்டு தாங்கோ அண்ணி," என்றாள். என்ன இறைச்சி என்று தெரிந்துதான் கேட்டாள். அவளுக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பாலர் பள்ளியில் படிப்பித்தாள். யாரிடமும் அனுமதி கேட்கிற சுபாவம் அவளுக்கு இல்லை.

தணலடியில்

இனிக் காருக்கு வருவோம்.

யோகம் சேலை மாற்ற ஓடிவிட்டாள். நான் தோயாமல் வீட்டுக்குள் ஏற முடியாது. கிணற்றடிக்குப் போவதென்றால் வந்தவர்களுக்கு முன்னால்தான் போக வேண்டும். பேசாமல் இங்கேயே இருப்போம், யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

வந்தார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் ஸ்ரேசன் மாஸ்டராய் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பிளாட்போமில் நின்று கதைத்தால் மற்றதில் நிற்பவருக்கும் கேட்கும் குரல். அந்தக் குரல் முன்னே வந்தது, ஆள் பின்னே வந்தார். வாய்க்காலுக்கு மேல் போட்டிருந்த பனங்குத்தியில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை ரவி, மெலிந்த அமைதியான பொடியன். மாப்பிள்ளையின் பெரியம்மா இக்கரைக்கு வரவில்லை. மாமியோடு அக்கரையிலேயே நின்றுவிட்டார்.

"நீர்தானே தங்கச்சி ஆபிரிக்காவில இருந்து வந்த மருமகள்? என்ன வாசம் இது! ஒரு இடத்தில இருக்க விடுதில்லை."

"ஓம் ஐயா. சூயா எண்டு சொல்லுறது."

"உம்மட மாமி சொன்னவா, ஆடெண்டு. ஆடெண்டால் நான் விடமாட்டன்."

சொல்லிக்கொண்டே குந்தி, கைலேஞ்சியால் ஒரு கம்பியைப் பிடித்து உருவினார். ஊதினார். 

நான் அக்கரையைப் பார்த்தேன். மாமி அசையாமல் நின்றார். பாலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் போதும், யோகத்தின் கலியாணம் நடந்துவிடும். யாருக்கும் தெரியவராது. ஆனால் ஹவ்வா தட்டைப் பின்னுக்கு இழுத்தது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்குக் கிடைத்த மரியாதையை இந்த மனுஷனுக்குக் கொடுக்காமல் விடுவது எப்படி?

"ஐயா, பொறுங்கோ. அது மாடு."

கம்பி அவருடைய வாய்க்குக் கிட்ட நின்றது.

"உம்மட மாமி ஆடெண்டவாவே?"

"அவாவுக்குத் தெரியாது. நான்தான் ஆடெண்டு சொல்லி வைச்சனான்."

உண்மை ஒன்று, பொய் ஒன்று. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. அக்கரையில் மாமி தலையைக் குனிந்தார்.

பிறகு பெரியம்மா கதைத்தார். சாதுவான குரல்தான்.

"சரி, மருமகள் வெளிநாட்டில பழகினவா. அது அவவோட போகட்டும். யோகம் பிள்ளை இதுகளைத் தொட்டிருக்க மாட்டாதானே?"

யோகம் அப்போதுதான் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நீலச் சேலை, தலையில் பூ. 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது.

"இல்லைப் பெரியம்மா," என்றாள் யோகம். "நானும் சாப்பிடுறனான். தேத்தண்ணி எடுங்கோ."

பெரியம்மா தேத்தண்ணி எடுக்கவில்லை. ஸ்ரேசன் மாஸ்டர் எழும்பினார். கையிலிருந்த கம்பியை எறியவில்லை. குனிந்து, எடுத்த இடத்திலேயே மண்ணில் குத்தி, இறைச்சி தணலைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

கார் போன பிறகு

நான் தோய்ந்துவிட்டு ஈரத் தலையோடு வந்தேன். மாமி குசினிக்குள் பலகையில் இருந்தார். பலகாரம் அப்படியே தட்டில் கிடந்தது.

"என்னைக் காப்பாத்தினாய்," என்றார் மாமி. "என்ர பிள்ளையைக் காப்பாத்தேல்லை."

"அந்தாளை அதைத் தின்ன விட்டிருக்கலாமோ மாமி?"

"தெரியாமலே போயிருக்கும்."

"யோகத்துக்குத் தெரியும். அவள் அங்க போய் ஒருநாள் சொல்லியிருப்பாள். உங்கட மகளை உங்களுக்குத் தெரியாதோ?"

அன்றோடு மாமி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். சோறு போட்டு வைப்பார், என் துணியையும் சேர்த்துத் தோய்ப்பார், கதை மட்டும் இல்லை. நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனாலும் யோகம் பாலர் பள்ளிக்குப் போகும்போது அவள் முதுகைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஊருக்குள் கதை பரவியது. கூட்டுறவுச் சங்கக் கடையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். மலையகத்தில் ஒரு கலவரத்தில் எல்லாம் இழந்து எங்கள் பக்கம் வந்து குடியேறியிருந்த ராக்கம்மா மட்டும் நேரே வந்து கேட்டாள்: "டீச்சரம்மா, அந்தக் கச்சான் தூளு கொஞ்சம் குடுங்க. கறி வேணாம். கருவாட்டுல தடவிச் சுட்டுப் பாக்குறேன்." கொடுத்தேன். கருவாட்டுக்கு நன்றாகவே இருந்ததாம்.

பாலன்தான் மாறினார். கார் போன அன்று இரவு அவர் திடீரென்று சிரித்தார். "அந்தாளின்ர முகத்தைப் பாத்தனியே? கம்பியை வைக்க மனமில்லை," என்றார். அடுத்த கிழமை பரந்தனுக்குப் போய், ஒரு தனியார் வகுப்பில் பௌதிகம் படிப்பிக்கக் கேட்டு வந்தார்.

உப்பளத்திலிருந்து ஒருவர்

ஒரு பின்னேரம், அதே காற்றை எதிர்த்துச் சைக்கிள் உழக்கிக்கொண்டு ரவி வந்தான். தனியாக. காற்சட்டை ஓரங்களில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. நாங்கள் எல்லோரும் முன்விறாந்தைக்கு வந்துவிட்டோம். மாமி கதிரையைக் காட்டினார். அவன் சைக்கிளைப் பிடித்தபடி முற்றத்திலேயே நின்றான்.

"அம்மா, நான் யோகத்தோட ரெண்டு வார்த்தை கதைக்கலாமோ? உங்களுக்கு முன்னாலயே கதைக்கிறன்."

மாமி தலையாட்டிவிட்டுக் குசினி வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். யோகம் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அண்டைக்குப் பெரியம்மா உங்களுக்குத் தப்புற வழி காட்டினவா," என்றான் ரவி. "நீங்கள் அதால போகேல்லை. ஏனெண்டு கேக்க வந்தனான்."

"அதால போயிருந்தால், பிறகு உங்கட வீட்டில இருந்து கடைசி மட்டும் ஒளிச்சுத் தின்ன வேணும். எனக்கு ஒளிக்கத் தெரியாது."

ரவி தலையாட்டினான். "நான் இறைச்சியே தின்னிறேல்லை. அம்மா செத்த நாளில இருந்து சைவம்."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கினனீங்கள்?"

பாலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரவியும் சிரித்தான்.

"வீட்டில பெரியம்மா ஒரே சத்தம். அப்பா வாய் திறக்கேல்லை. பெரியம்மா தன்ர வீட்டுக்குப் போன பிறகுதான் சொன்னவர், 'அந்த மருமகள் பிள்ளை ஒரு நிமிசம் பிந்திச் சொல்லியிருக்கலாம்' எண்டு."

யோகம் முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. ரவி சைக்கிள் கைபிடியைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு, உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தவன் போலச் சொன்னான்:

"உங்கட வாய் உங்கட விருப்பம். நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா வீட்டில நான்தான் சமைக்கிறனான். என்ர சட்டியில இறைச்சி வைக்கேலாது."

"அதுக்கென்ன," என்றாள் யோகம். "நான் வரேக்க வேற சட்டி கொண்டு வாறன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. காது வரை சிவந்து போனாள். ரவி சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, மாமி முன்னம் காட்டிய கதிரையில் வந்து மெல்ல உட்கார்ந்தான்.

குசினி வாசலில் நின்ற மாமி தொண்டையைக் கனைத்தார்.

"பிள்ளை," என்றார். என்னைத்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு. "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? மாப்பிள்ளை வெய்யிலுக்க வந்திருக்கிறார். தேத்தண்ணியை வை. சீனி கூடப் போடு."

நான் குசினிக்குள் ஓடினேன்.